வெளிநாட்டு ஊழியத்தில் உள்ளூர்ப் போதகரோடு வேலை செய்வது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். 2022 கடைசியிலிருந்து 2024 கடைசி வரை இரண்டு வருடம், மலாவி நாட்டின் தெற்கில், முலாஞ்சே மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிராமப் பகுதியில், உள்ளூர்ப் போதகர் ஒருவருக்கு உதவியாளாக இருந்தேன். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. திரும்பி வந்ததிலிருந்து போகப் போகிறவர்கள், போய்விட்டு அங்கே திணறுகிறவர்கள், ஆள் அனுப்புகிற சபைக் கமிட்டிக்காரர்கள் என்று பலரும் போனில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். சரி, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

போதகரின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி 'அபுசா' என்றே எழுதுகிறேன். அவர்களுடைய சிச்சேவா மொழியில் அதற்கு மேய்ப்பர் என்று பொருள்.

மலாவியில ஏற்கெனவே நிறைய சபை இருக்குன்னு சொல்றாங்களே, அப்புறம் நாம எதுக்குப் போகணும்?

இந்தக் கேள்வியைப் போவதற்கு முன்னாலேயே கேட்கிறீர்களே, அதுவே நல்லது. நான் கேட்கவில்லை. ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 1875ல் லிவிங்ஸ்டோனியா மிஷனையும் 1876ல் பிளாண்டயர் மிஷனையும் அங்கே தொடங்கினார்கள். 2018 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். நம் ஊரில் அப்படி ஒரு கணக்கை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்த ஊருக்கு நான் வெளிச்சம் கொண்டுபோகிறேன் என்ற நினைப்போடு விமானம் ஏறினேன் என்பதை இப்போது சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

அவர்கள் கேட்டால் போகலாம். என்னை அழைத்தது அந்த வட்டாரச் சபைதான். ஒரு அபுசாவுக்குக் கீழே பல ஜெபவீடுகள் இருக்கும். நம் பக்கத்துச் சேகரம் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சேகர ஐயர், அதாவது போதகர், கீழே பல சபைகள், ஒவ்வொன்றிலும் ஒரு உபதேசியார். அங்கே உபதேசியார் இடத்தில் சம்பளம் இல்லாத மூப்பர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆள் போதவில்லை, கொஞ்சம் பழக்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என் வேலை அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

போய் இறங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

வணக்கம் சொல்லப் பழகுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று 'ஓடி' என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளேயிருந்து 'ஓடினி' என்று பதில் வந்த பிறகுதான் நுழைய வேண்டும். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று 'முலி ப்வாஞ்ஜி' என்று நலம் விசாரிக்க வேண்டும், அவர் தன் நலம் சொல்லி உங்கள் நலம் கேட்கும்வரை இருக்க வேண்டும். நான் முதல் வாரம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாக நடந்தேன். அபுசா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் ஆட்டிவிட்டுப் போன ஒவ்வொருவரிடமும் பின்னால் நின்று அவர் எனக்கும் சேர்த்து நலம் விசாரித்துவிட்டு வருவார். கால் மணி நேர வழிக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

தமிழர்களுக்கு இந்த மொழியில் ஒரு சௌகரியம் உண்டு. நமக்கு நீ, நீங்கள் இருக்கிற மாதிரி அவர்களுக்கும் இருக்கிறது. பிள்ளைகளிடம் 'உலி ப்வாஞ்ஜி', பெரியவர்களிடம் 'முலி ப்வாஞ்ஜி'. ஒரே ஆளைப் பன்மையில் சொன்னால் மரியாதை. அபுசா என்பதுகூட அப்படி மரியாதைப் பன்மைதான். ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டால் இந்த மரியாதையைக் கொடுக்கவே முடியாமல் போகும். நமக்குத்தான் அதன் அருமை தெரியும், நாமே விடலாமா?

மூணு மாசம் பிரசங்கம் பண்ணவே விடலையாமே? அதுவரை சும்மா இருந்தா அனுப்பினவங்களுக்கு என்ன சொல்றது?

ஆமாம், மூன்று மாதம் "உட்காருங்கள், கேளுங்கள்" என்றுதான் சொன்னார். எனக்குள் கொதித்தது. வேதாகமக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவன், ஊரில் கன்வென்ஷன் மேடையில் பேசியவன், இங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையனிடம் வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

அப்போது தரங்கம்பாடி நினைவுக்கு வந்தது. 1706ல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் தமிழ் கற்றார். நம்மிடம் வந்தவர் அப்படிச் செய்ததை ஞாயிறு பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த நான், இன்னொருவரிடம் போனபோது அதையே அவமானமாக நினைத்தேன். அனுப்பினவர்களுக்கு இதைத்தான் எழுதினேன், மொழி படிக்கிறேன், உட்கார்ந்து கேட்கிறேன் என்று. கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

நாம என்ன வெள்ளைக்காரங்களா? நாமளும் கறுப்புதானே. நமக்கு எப்படி அந்தத் தலைக்கனம் வரும்?

வரும். இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிற தமிழர்களில் அநேகமாக எல்லோரும் இந்த நம்பிக்கையோடுதான் போகிறார்கள். மலாவியில் இந்தியர்களுக்கு 'அம்வேன்யே' என்று பெயர். காலனி ஆட்சிக் காலத்திலிருந்தே இந்திய வணிகக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 1970களில் அப்போதைய அதிபர் பண்டாவின் ஆட்சி அவர்களைக் கிராமக் கடைகளை விட்டுப் பெரிய நகரங்களுக்குப் போகச் சொன்னது. அந்தக் கசப்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆகவே நான் வந்து இறங்கியபோது அந்த ஜனங்கள் கண்ணில் பட்டது ஊழியக்காரன் இல்லை. கடை முதலாளி. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மூட்டை தூக்கச் சொல்கிறவன். என் குரலிலும் அந்தத் தொனி இருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அதை இங்கே வை", "இவனைக் கூப்பிடு" என்று ஏவுகிற தொனி. ஊரில் யாரிடம் அப்படிப் பேசிப் பழகினேன் என்று யோசித்தால், பதில் நன்றாக இல்லை. சாதி நம் சபைக்குள் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டாலும், யாரை ஏவலாம், யார் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்கிற கணக்கு நம் உடம்பில் ஊறியிருக்கிறது. நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசுகிற பேச்சும் அப்படித்தான். அதை விமான நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போக முடியாது.

1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த நம் தமிழ்ப் போதகர் அசரியா எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக உங்கள் சொத்தையும் சரீரத்தையும் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். மேற்கத்திய மிஷனெரிகள் முகத்துக்கு நேராகச் சொன்னது அது. நான் அதைப் பல தடவை பெருமையாக மேற்கோள் காட்டியிருக்கிறேன், எப்போதும் அசரியா நின்ற பக்கத்தில் நானும் நிற்பதாக நினைத்துக்கொண்டு. மலாவியில் நான் நின்றது எதிர்ப்பக்கம்.

ஒரு நல்ல முன்மாதிரியும் அந்த நாட்டிலேயே உண்டு. வில்லியம் கோயி என்று ஒரு கோசா இனத்துச் சுவிசேஷகர், 1876ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து லிவிங்ஸ்டோனியா மிஷனுக்கு வந்தவர். வடக்கே ங்கோனி மக்களிடம் அவர்களுக்குப் புரிகிற மொழியில் உட்கார்ந்து பேசியவர் அவர்தான். வருடக்கணக்கில் பொறுமையாக இருந்தார். 1886ல் அங்கேயே இறந்தார். புத்தகங்களில் ஸ்காட்லாந்துக்காரர் பெயர்தான் பெரிதாக இருக்கும். போகிறவர்கள் இவரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சாப்பாடு, தண்ணி, கரண்ட் எல்லாம் கஷ்டம்தானே? அதைப் பொறுத்துக்கிறதுதானே தாழ்மை?

சாப்பாடு நமக்குப் பெரிய கஷ்டமே இல்லை. ந்சீமா என்பது வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களி. கீரை, பயறு, ஏரியில் பிடித்துக் காயவைத்த உசீபா என்ற பொடி மீன், இவற்றோடு கையால் சாப்பிடுகிறார்கள். நெத்திலிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரிதான்.

கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதில் தாழ்மை வரும் என்று நானும் நினைத்தேன். உண்மையில் அதில் எனக்குப் பெருமைதான் வளர்ந்தது, பார், நான் வாளித் தண்ணீரில் குளிக்கிறேன் என்று. எனக்குக் கஷ்டமாக இருந்தது வாங்கிக்கொள்வது. ஒரு விதவைத் தாயார் வீட்டுக்குப் போனோம். வீட்டில் இருந்த ஒரே கோழியை அறுத்துச் சமைத்து வைத்தார். சாப்பிடுவதற்கு முன் அவருடைய பேத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து முழங்காலிட்டு என் கைகளில் ஊற்றினாள். எனக்கு உள்ளே கூசியது. "வேண்டாம் அம்மா, எனக்குப் பசி இல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்த முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியே வந்தபோது அபுசா, இயேசு பாதம் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான் வேண்டாம் என்றான் என்று மட்டும் சொன்னார். கொடுக்கிற இடத்திலேயே நான் இருக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமாக எனக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

போதகர் நம்மை விடக் கம்மியா படிச்சவரா இருந்தா, அவர்கிட்ட என்ன கத்துக்கிறது?

எங்கள் அபுசா முறையாக இறையியல் படித்தவர், அழகாக ஆங்கிலம் பேசுவார். அந்நாட்டில் உள்ளூர்ப் போதகர்கள் புதிது இல்லை. பிளாண்டயரில் 1911ல், லிவிங்ஸ்டோனியாவில் 1914ல் முதல் உள்ளூர்ப் போதகர்களை அபிஷேகம் செய்தார்கள். மிஷன் தொடங்கி ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்துத்தான். நம் தரங்கம்பாடியில்கூட ஆரோன் ஐயருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1733ல், சீகன்பால்கு வந்து இருபத்தேழு வருடம் கழித்து. வந்தவர்களுக்கு உள்ளூர்க்காரரைத் தங்களுக்குச் சமமாக நினைக்க எல்லா இடத்திலும் இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

ஆனால் படிப்புக் குறைவாக இருந்தாலும் கதை மாறாது. என் முதல் பிரசங்கத்தைச் சொல்கிறேன். 2023 ஜனவரி. வழியெல்லாம் சோளக் காடுகளில் களை மண்டிக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். மழை நன்றாகப் பெய்கிறது, ஜனங்கள் களை எடுக்கவில்லை, எனக்குக் கோபம். நீதிமொழிகள் 6ஐ எடுத்து, "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்" என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அபுசாதான் மொழிபெயர்த்தார். அவர் குரல் நடுவில் தாழ்ந்துகொண்டே போனதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டி, நடக்கலாம் வாருங்கள் என்றார். இருட்டோடு இருட்டாகப் பெண்களும் ஆண்களும் மண்வெட்டியோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனது அடுத்தவர் காட்டுக்கு. ஏப்ரல், மே மாதத்தில் அறுத்த சோளம் டிசம்பரில் தீர்ந்துவிடும், மார்ச் வரை பசிக்காலம். அன்றாடச் சாப்பாட்டுக்காகப் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்கிறார்கள், அதற்கு கான்யு என்று பெயர். அந்தக் கூலியில் வாங்கும் மாவுதான் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு. தன் காட்டில் களை எடுக்க வேண்டிய அதே வாரங்களில் ஊரார் காட்டில் களை எடுத்தாக வேண்டும், அதனால் அடுத்த வருடமும் விளைச்சல் குறையும், மறுபடியும் கான்யு. நான் அந்த ஜனங்களைப் பார்த்துத்தான் சோம்பேறி என்று சொல்லியிருந்தேன். எபேசுவில் சாதுரியமாகப் பேசிய அப்பொல்லோவைக் கூடாரம் செய்கிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் சபை நடுவில் வெட்கப்படுத்தாமல் தனியாக அழைத்துக்கொண்டுபோய் விளக்கினார்களே, அபுசா எனக்குச் செய்தது அதுதான். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதற்கு 'பெப்பானி' என்ற சொல்லைப் பத்துத் தடவை சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்.

சாவு வீட்டுக்கெல்லாம் போகணுமா? பயிற்சி வகுப்பு ப்ரோகிராம் கெட்டுப்போகுதே?

போக வேண்டும். 'மலிரோ' என்றால் ஊரே வேலையை நிறுத்திவிடும். பெண்கள் மாவும் விறகும் கொண்டுபோய்ச் சமைப்பார்கள், ஆண்கள் வெளியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போ என்று நம் பாட்டிமார் சொல்வது அங்கே எழுதாத சட்டம். ஒரு மாதம் திட்டமிட்ட வகுப்பை அபுசா ஒரு சாவுக்காக ரத்து செய்தபோது, அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டு வந்து வகுப்பை வைக்கலாமே என்றேன். வகுப்புக்கு வரவேண்டிய ஆசிரியர்கள் எல்லோரும் அங்கேதானே இருக்கிறார்கள், நீங்கள் யாருக்கு வகுப்பு எடுப்பீர்கள் என்று கேட்டார். போய் உட்கார்ந்தேன். பேசுவதற்கு எனக்கு மொழி போதவில்லை, ஆனால் உட்காருவதற்கு மொழி தேவைப்படவில்லை. அந்த மாதத்துக்குப் பிறகுதான் ஆசிரியர்கள் என்னிடம் தங்கள் பாடத்தில் உள்ள சந்தேகங்களை வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நமக்கு முன்வரிசையில நாற்காலி போடுறாங்க. மறுத்துட்டுத் தரையில உட்காரலாமா?

போட்ட நாற்காலியில் உட்காருங்கள். மறுத்தால் எல்லோர் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். மேலே கோழிக் கறி விஷயத்தில் சொன்னதுதான் இங்கேயும்.

ஊர்லருந்து காணிக்கை வருது. யார் கையில கொடுக்கறது? நேரா ஏழைங்க கையில கொடுத்தா என்ன தப்பு?

மற்ற எல்லாக் கேள்விக்கும் மேலாக இதைக் கவனமாகப் படியுங்கள், நான் பெரிய காயம் உண்டாக்கியது இதில்தான். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தெற்கு மலாவியை அடித்தது. மலையிலிருந்து மண்ணும் பாறையும் வெள்ளமாக வந்து ஊர்களை மூடியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், இன்னும் பலர் கிடைக்கவே இல்லை. அறுவடைக்குச் சில வாரமே இருந்த சோளம் போய்விட்டது. ஊருக்கு போன் செய்தேன், நம் சபைகள் உருகிக் கொடுத்தன. அறுபது மூட்டைச் சோளம் வாங்க முடிந்தது.

அபுசா மூப்பர்களோடும் ஊர்த் தலைவரான ம்ஃபூமுவோடும் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். பசித்திருக்கிறவர்களை நாலு நாள் காக்க வைப்பதா என்று எனக்குத் துடித்தது. அவர் இன்னொரு ஜெபவீட்டுக்குப் போயிருந்த நாளில், நானும் இரண்டு இளைஞர்களும் வீடு வீடாகப் போய் இடிந்த வீடுகளை எழுதி, குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டு எழுதி, மறுநாளே கொடுத்துவிட்டோம். ஆண்கள் பெயரைத்தான் எழுதினேன், நம் ரேஷன் கார்டு பழக்கம். அந்தப் பகுதி தாய்வழி மரபு. வீடும் நிலமும் பெண்ணின் குடும்பத்துடையது, கட்டிக்கொண்ட ஆண் அங்கே வந்து வாழ்கிறவர். சில ஆண்கள் மூட்டையைத் தன் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு வீடுகளில் பெண்ணின் தாய்மாமன்மார் சண்டைக்கு வந்தார்கள். புருஷன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போய்விட்ட பெண்கள் பட்டியலிலேயே இல்லை. வீடு நிற்கிறது, ஆனால் காடு முழுக்க மண் மூடிப்போனது என்கிற குடும்பங்களும் இல்லை. என்னோடு வந்த இளைஞர்கள் காட்டிய வழியில் போனதால் அக்கரையில் இருந்த முஸ்லிம் வீடுகளும் விட்டுப்போயின. அபுசாவின் பட்டியலில் அவை எல்லாம் இருந்தன. அவர் நாலு நாள் கேட்டது அதற்குத்தான்.

அவர் திரும்பி வந்து யார் முன்னாலும் என்னைக் குறை சொல்லவில்லை. எங்கள் தவறு என்று 'எங்கள்' போட்டே ம்ஃபூமுவிடம் பேசினார், ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார், அதற்கு மூன்று வாரம் ஆனது. நான் அவர் பின்னால் நடந்தேன். அதனால் சொல்கிறேன்: ஒரு ரூபாய் வந்தாலும் சபை மூப்பர்கள் முன்னால் சொல்லி, சபைக் கணக்கில் வைத்து, அவர்கள் தீர்மானித்தபடி செலவாகட்டும். கொடுத்தவர் இன்னார் என்று அங்கே அறிவிக்க வேண்டிய தேவையும் இல்லை. அவசரம் நம்முடையது, விளைவு அவர்களுடையது.

ஜனங்க போதகரை விட்டுட்டு நேரா நம்மகிட்டயே வந்து உதவி கேட்கிறாங்களே, எப்படி முகத்தை முறிக்கிறது?

முறிக்க வேண்டாம், கேளுங்கள், ஜெபியுங்கள், அபுசாவிடம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொல்லவும் செய்யுங்கள். ஒரு தடவை நேராகக் கொடுத்துவிட்டால் அவர் நாற்காலியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். நீங்கள் போன பிறகு அந்தக் காலி நாற்காலிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், மலேரியாவோ என்று சந்தேகம், ஆஸ்பத்திரிக்குப் போகப் பணம் இல்லை என்றால் அது வேறு, உடனே வண்டி பிடியுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அவர் செய்றது தப்புன்னு நமக்குத் தெரிஞ்சா? தாழ்மைன்னு வாயை மூடிக்கணுமா?

முதலில் அது தப்பா, நமக்குப் பழக்கம் இல்லாததா என்று பாருங்கள். மூன்று மணி நேர ஆராதனை, ஏழு பாடகர் குழு, சாவுக்காக ரத்தான வகுப்பு எல்லாம் எனக்கு முதலில் தப்பாகத்தான் தெரிந்தன. அப்புறம், உண்மையிலேயே கருத்து வேறுபாடு இருந்தால் தனியாகச் சொல்லலாம். அங்கே கனமான பேச்சை நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் பேசுவார்கள். கல்யாணத்துக்குக்கூட இரண்டு பக்கமும் 'அங்கோஸ்வே' என்று பொறுப்பாளர்கள் உண்டு, பெரும்பாலும் தாய்மாமன்கள். நானும் ஒரு மூத்த மூப்பரிடம் போய்ச் சொன்னேன். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களில் பெண்களே அதிகம், ஆனால் பாடத்திட்டம் போடுகிற கூட்டத்தில் ஆண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று. இரண்டு மாதம் கழித்து அபுசாவே மாதர் சங்கத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டத்துக்கு அழைத்தார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. அது வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கு, பெண்களிடம் தவறான நடத்தை, சபைப் பணத்தில் கை வைப்பது, இவற்றில் தாழ்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. சபையின் மேல் அமைப்புக்கும், தேவைப்பட்டால் போலீசுக்கும் உடனே போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்த சபைகளை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம், அதனால் பட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். எனக்கு அப்படி ஒரு நிலை அங்கே வரவில்லை.

ஜெபக்கடிதம் எழுதணும், போட்டோ போடணும். இல்லன்னா காணிக்கை வராதே?

அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை அபுசாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் என்னை மாற்றிய அளவுக்கு எந்தப் பிரசங்கமும் மாற்றவில்லை. முதல் தடவை மொழிபெயர்த்து வாசித்தேன். "நான் இருபது ஆசிரியர்களை உருவாக்கினேன்" என்ற வரியில் நாக்கு தடுமாறியது, ஏனென்றால் அந்த இருபது பேரில் பதினேழு பேர் நான் போவதற்கு முன்பே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள், அது அவருக்கும் தெரியும். அவர் முகத்துக்கு முன்னால் வாசிக்க முடியாததைத் திருநெல்வேலியில் வாசிக்க வைக்கலாமா?

போட்டோவுக்கும் அதே அளவுகோல். உங்கள் பிள்ளை கிழிந்த சட்டையோடு மூக்கு ஒழுகி நிற்கிற படத்தை மலாவியில் ஒரு சபை நோட்டீஸ் பலகையில் ஒட்டினால் சம்மதிப்பீர்களா? தாய் தகப்பனிடம் கேட்டு எடுங்கள். காணிக்கை கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். நின்றுபோகவில்லை.

ரெண்டு வருஷத்துல தாழ்மை வந்துடுச்சா உங்களுக்கு?

"ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று பிலிப்பியர் 2ல் இருப்பதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்து மூன்றாவது மாதம், எங்கள் சபை உபதேசியார் ஒரு கூட்டத்தை மெதுவாக நடத்துவதைப் பார்த்துப் பொறுக்காமல் மைக்கை வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முன்பாக இருந்தால் போயிருக்க மாட்டேன், அந்த அளவுக்குத்தான் மாற்றம்.

மறுபடியும் போவீங்களா?

போன மாதம் அபுசாவோடு பேசினேன். பாடத்திட்டக் கூட்டத்துக்கு வந்த அந்த மூன்று தாய்மாரில் ஒருவர்தான் இப்போது புது ஆசிரியர்களைப் பழக்குகிறாராம், எனக்கு அங்கே அந்த வேலை மிச்சம் இல்லை. ஜனவரியில் ஒரு மாதம் வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். ஜனவரி வேண்டாம், அப்போது யார் வீட்டிலும் உங்களுக்கு வைக்க ஒன்றும் இருக்காது, அவர்களுக்கு வெட்கமாகிவிடும், அறுவடை முடிந்து மே மாதம் வாருங்கள் என்றார். மே மாதத்துக்குத்தான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.